56 முட்டை வைக்கும் குஞ்சு பொரிக்கும் இயந்திரம்: மூன்று ஈடுகளின் பின்னர் ஒரு மதிப்பீடு

கடந்த ஆண்டு சித்திரை மாதத்தில் கிளிநொச்சி நகரிலுள்ள கடையொன்றில் 32,000 ரூபாய் கொடுத்து இந்த இயந்திரத்தை வாங்கினேன். ரெஜிபோம் (வெப்பத்தைத் தடுக்கும் வெண்ணிற நுரைப் பலகை) பதித்த பிளாஸ்ரிக் பெட்டி, சூடாக்கும் கம்பி, சிறிய விசிறி, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை முட்டைகளைத் தானாகச் சரித்துக் கொடுக்கும் தட்டு, வெப்பநிலையையும் ஈரப்பதனையும் காட்டும் திரை ஆகியவற்றோடு 12 வோல்ற்று பற்றரியில் இணைப்பதற்கான வயரும் வந்தது. ஊர்க்கோழி வளர்க்கும் அயலவர் பலர் இதை வாங்கலாமா என்று கேட்டுக்கொண்டிருப்பதால், மூன்று ஈடு, அதாவது மூன்று தடவை முட்டை அடுக்கி, பொரிக்க வைத்துப் பார்த்ததன் பின்னரே எழுதுகிறேன்.

முதல் ஈட்டில் 56 முட்டை வைத்து 19 குஞ்சுகளே கிடைத்தன. பழுதான பொருளைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்றே முதலில் நினைத்தேன். ஆனால் ஏழாம் நாள் இரவு முட்டைகளை ஒவ்வொன்றாக ரோச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, 23 முட்டைகளில் சிலந்திவலை போன்ற இரத்த நாளங்கள் எதுவுமே தென்படவில்லை. அவை வைத்த அன்று இருந்தது போலவே தெளிவாக இருந்தன. வெப்பம் கூடினாலும் குறைந்தாலும் கரு இறந்திருக்கும், இறந்த கருவின் அடையாளமாக ஓர் இரத்த வளையமாவது பெரும்பாலும் தெரியும். இவை கூழ்முட்டைகளும் அல்ல, அநேகமாகச் சேவல் சேராத முட்டைகள். வீடு வீடாகச் சேகரித்துச் சைக்கிளில் கொண்டுவரும் வியாபாரியிடம் வாங்கியது என் தவறு. எந்த வீட்டில் சேவல் நின்றது, எந்த வீட்டில் அதை வேள்விக்கோ விருந்துக்கோ கொடுத்துவிட்டார்கள் என்பது முட்டையின் கோதில் எழுதியிருப்பதில்லை.

இயந்திரத்தோடு வரும் கையேடு சீன மொழியிலும் பிழை மலிந்த ஆங்கிலத்திலும் அச்சிடப்பட்டிருக்கிறது. அதில் இந்த விடயம் பற்றி ஒரு வரிகூட இல்லை. பேட்டின் (பெட்டைக்கோழியின்) சூலகத்திலிருந்து மஞ்சட்கரு விடுபட்டுக் கருக்குழாயின் புனல் போன்ற வாய்க்குள் விழுந்த சுமார் 15 நிமிடத்துக்குள் விந்தணு அதனைச் சேர்ந்தாக வேண்டும். அதன் பின்னர் வெள்ளைக்கரு சுற்றிக்கொள்ள, கோது படிவதற்கு மாத்திரம் ஏறத்தாழ 20 மணித்தியாலம் செல்லும். சேவல் ஒவ்வொரு நாளும் மிதிக்கத் தேவையில்லை, ஏனெனில் பேட்டின் உடலுக்குள் இருக்கும் நுண்ணிய குழாய்களில் விந்தணுக்கள் பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை உயிரோடு தங்கியிருக்கும். எட்டுப் பத்துப் பேட்டுக்கு ஒரு நல்ல சேவல் போதும் என்பதற்கும், சேவலை மாற்றினால் இரண்டு மூன்று வாரம் கழித்து எடுக்கும் முட்டையையே அடைக்கு வைக்க வேண்டும் என்பதற்கும் காரணம் இதுதான்.

அடுத்த பிழை முட்டைகளை வைத்திருந்த விதத்தில் நடந்தது. இட்ட முட்டைக்குள் கரு ஏற்கனவே ஆயிரக்கணக்கான உயிரணுக்களாகப் பிரிந்து, குளிர்ச்சி பட்டதும் உறங்கிவிடுகிறது. பேடு பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டு முடித்த பின்னர் அமர்ந்தாலும் குஞ்சுகள் ஏறக்குறைய ஒரே நாளில் வெளிவருவது அந்த உறக்கத்தால்தான். ஆனால் வன்னியின் சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் வைத்த முட்டை உறங்குவதில்லை. அது அரைகுறையாக வளர்ந்து, இரவில் தயங்கி, மறுநாள் மீண்டும் வளர முயன்று செத்துப்போகிறது. முட்டைகளைக் கூர்நுனி கீழிருக்குமாறு, வீட்டின் மிகக் குளிர்ந்த மூலையில், மண்பானைக்குள் உமி பரப்பி வைத்து, ஏழு நாளுக்குள் இயந்திரத்தில் வைத்துவிடுவதே நன்று. எங்கள் அம்மம்மா அதைத்தான் செய்தார். அடை முட்டையோடு ஓர் இரும்புத் துண்டையும் கரித்துண்டையும் இடிக்குப் பயந்து வைப்பார். அதன் பலனை நான் சோதித்துப் பார்க்கவில்லை, ஆனால் பானையைப் பொறுத்தவரை அவர் சொன்னது முழுச் சரி.

இனி இயந்திரத்தின் மீதே வைக்கவேண்டிய குறைகள். திரை 37.8 பாகை காட்டியபோது, நான் தனியாக உள்ளே வைத்த வெப்பமானி 37க்குச் சற்றுக் குறைவாகக் காட்டியது. அதனாலேயே முதல் ஈட்டுக் குஞ்சுகள் 21ஆம் நாளுக்குப் பதிலாக 22ஆம் நாள் இரவில்தான் கோதைக் கொத்தத் தொடங்கின. பொத்தானை அழுத்தித் திருத்தும் வசதி உண்டு என்றாலும் அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் எடுத்தது. நீர் ஊற்றும் இரண்டு வாய்க்கால்களையும் முதல் நாளிலிருந்தே நிரப்பும்படி கையேடு சொல்கிறது. அப்படிச் செய்ததில் ஈரப்பதன் 70 வீதத்துக்கு ஏறியது. முட்டை அடைக்காலத்தில் கோதின் நுண்துளைகள் வழியாகத் தன் நிறையில் ஏறத்தாழ 12 வீதத்தை நீராவியாக இழந்தால்தான் அகன்ற நுனியில் காற்றறை போதிய அளவு பெருக்கும், குஞ்சு தன் முதல் மூச்சை அந்தக் காற்றறைக்குள்தான் இழுக்கிறது. முதல் ஈட்டில் கோதுக்குள்ளேயே இறந்த 14 குஞ்சுகளில் பெரும்பாலானவை ஈரம் ஊறிப் பருத்திருந்தன. இப்போது 18ஆம் நாள் வரை ஒரு வாய்க்காலில் மட்டும் நீர் விட்டு 50 முதல் 55 வீதத்தில் வைக்கிறேன். 18ஆம் நாள் சரிக்கும் தட்டை அகற்றிவிட்டு, இரண்டாவதையும் நிரப்பி, மூடியைத் திறக்காமல் விடுகிறேன்.

இரண்டாவது ஈட்டுக்கு எங்கள் வளவிலுள்ள பேடுகளின் முட்டைகளையே வைத்தேன். 50இல் 41 பொரித்தன. மூன்றாவது ஈட்டின்போது, பதினைந்தாம் நாள், ஐந்து மணித்தியாலம் மின்சாரம் இல்லாமற் போனது. பற்றரியும் இடையில் இறங்கிவிட்டது. பெட்டியைச் சாக்கால் போர்த்திவிட்டுக் காத்திருந்தேன். 48இல் 33 குஞ்சுகள், ஒரு நாள் பிந்தி வந்தன. அடைக்கோழியும் தீன் தின்னவும் மண் குளிக்கவும் நாளுக்கொரு தடவை கூட்டை விட்டு இறங்குகிறதே என்ற எண்ணம் அன்று ஆறுதல் தந்தது; ஆனாலும் ஐந்து மணித்தியாலம் என்பது வேறு கணக்கு. புதிய பற்றரிக்குச் செலவிட மனமில்லாதவர்கள் இந்த இயந்திரத்தை வாங்க வேண்டாம்.

சரிக்கும் தட்டின் குழிகள் பண்ணை முட்டையின் அளவுக்குச் செய்யப்பட்டவை. ஊர்க்கோழி முட்டை அதில் ஆடும். காகிதத் துண்டு செருகினேன். கினிக்கோழி முட்டைக்கு ஏறத்தாழ 27 நாளும் வாத்து முட்டைக்கு 28 நாளும் தேவைப்படுவதால், கோழி முட்டையோடு சேர்த்து ஒரே நாளில் வைத்தால் கடைசி மூன்று நாள் ஈரப்பதன் ஒன்றுக்குப் பொருந்தி மற்றதற்குப் பொருந்தாது.

பேடுகள் இருபதுக்கு மேல் வைத்திருப்பவருக்கு இது பயன் தரும். அடையில் அமராத பேடு மீண்டும் முட்டையிடத் தொடங்குவதால், ஒரு பேட்டிடமிருந்து ஆண்டுக்கு எடுக்கும் முட்டைகளும் கூடும். ஐந்தாறு கோழி வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல அடைக்கோழியே போதும், ஏனெனில் பொரித்த மறுநாளிலிருந்து இயந்திரத்துக்கு வேலை இல்லை. மிஞ்சிய மஞ்சட்கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு வரும் குஞ்சு இரண்டு நாள் தீனின்றிச் சமாளித்தாலும், முதல் வாரத்தில் அதற்கு 32 முதல் 35 பாகை வரை சூடு தேவை. நான் அதற்கு மின்குமிழ் தொங்கவிட்டேன். மூன்றாவது ஈட்டில் அடைக்கு அமர்ந்திருந்த ஒரு பேட்டின் கீழ் 14 குஞ்சுகளை இரவு இருட்டில் மெல்லச் செருகி வைத்தேன். விடிந்தபோது அது எல்லாவற்றையும் தன் குஞ்சென்றே எண்ணிக் கொக்கரித்துக்கொண்டு வளவில் கூட்டித் திரிந்தது. கீரிக்கும் பருந்துக்கும் அதில் ஒன்றையும் கொடுக்கவில்லை.