லைட் மினுக்கினால் சிவி 2-ஐத் தொடாதீர்கள்: எச்ஓ இன்ஜின் டிகோடர் வேக அமைப்பு, மூன்று ஆண்டுப் பயன்பாட்டில்

மாடல் ரயில் இன்ஜினுக்குள் இருந்து கட்டளையைக் கேட்டு மோட்டாரை ஓட்டும் சின்ன மின்னணுப் பலகைதான் டிகோடர், அதில் நாம் எழுதி வைக்கும் அமைப்பு எண்கள்தான் சிவி. இன்ஜின் சொன்ன வேகத்தில் ஓடவில்லை என்றதும் பலருக்கும் கை நேராகப் போவது சிவி 2, 5, 6 (தொடக்க வேகம், உச்ச வேகம், நடு வேகம்) என்ற மூன்று இடங்களுக்குத்தான். வேகம் அங்கேதான் இருக்கிறது, சரிதான். ஆனால் கோளாறு அங்கே இருப்பது அபூர்வம். அழுக்குச் சக்கரம், குறைந்த வோல்டேஜ், தப்பான சிவி 29, மோட்டாருக்குக் குறுக்கே கிடக்கும் ஒரு கெப்பாசிட்டர் என்று காரணம் வேறெங்கோ இருக்கும். அதைச் சரிசெய்யாமல் வேக எண்களைத் திருகினால், பிறகு உண்மையான காரணம் தீர்ந்தாலும் இன்ஜின் கோணலாகவே ஓடும்.

இங்கே சொல்வதெல்லாம் கிருஷ்ணகிரியில் 8-க்கு 4 அடி பிளைவுட் மேல் ஓடும் எச்ஓ (நிஜ ரயிலில் 87-இல் ஒரு பங்கு அளவு) மாடல் அமைப்பில் பார்த்தது. (ஊருக்குள் இன்றைக்கும் ரயில் கிடையாது, ஓசூருக்கோ தர்மபுரிக்கோ போனால்தான் நிஜ இன்ஜின். அதனால்தானோ என்னவோ மாடல் மேல் இத்தனை ஆசை.) கன்ட்ரோலராக ஆர்டுயினோ மெகா போர்டு, அதன் மேல் செருகும் மோட்டார் ஷீல்டு, டிசிசி (தண்டவாளம் வழியாகவே டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை) பேசும் டிசிசி-இஎக்ஸ் மென்பொருள், லேப்டாப்பில் சிவி படிக்கவும் எழுதவும் ஜேஎம்ஆர்ஐ மென்பொருள். இன்ஜின்கள் இரண்டு வகை: தொழிற்சாலையிலேயே டிகோடர் போட்டு வந்த விலை குறைந்தவை, 8 பின் சாக்கெட்டில் நல்ல டிகோடர் வாங்கிச் செருகியவை.

முதலில் வோல்டேஜ். வீட்டில் கட்டும் கன்ட்ரோலரில் அடிக்கடி நடக்கும் தவறு 12 வோல்ட் அடாப்டர் போடுவது. ஷீல்டில் இருக்கும் எல்298 சிப் தானே ஏறக்குறைய 2 வோல்ட் தின்றுவிடும். தண்டவாளத்துக்கு மிஞ்சுவது 10. இன்ஜின் முழு வேகத்திலும் சோம்பலாக நகரும். சிவி 5-ஐ 255 ஆக்கியும் மாற்றம் தெரியாது, ஏனென்றால் சிவி 5-இல் 0 அல்லது 1 இருந்தாலே 'உச்சவரம்பு இல்லை' என்றுதான் பொருள், 255-உம் அதுவேதான். 15 வோல்ட் அடாப்டர் போட்டால் தீர்ந்தது. ஒரு எச்சரிக்கை: 9 வோல்ட்டுக்கு மேல் கொடுப்பதானால் ஷீல்டின் அடிப்பக்கம் 'வின் கனெக்ட்' என்று குறித்திருக்கும் மெல்லிய செம்புத் தடத்தை முதலில் வெட்டிவிட வேண்டும். விட்டுவிட்டால் அதே வோல்டேஜ் மெகா போர்டுக்குள்ளும் போய் அதன் ரெகுலேட்டரைக் கொதிக்க வைக்கும். பழைய லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டர் ஆசை காட்டும், எச்ஓ இன்ஜினுக்கு அது வேண்டாம்.

சாதாரண மல்டிமீட்டர் டிசிசி வோல்டேஜைத் துல்லியமாகக் காட்டாது. ஆனால் ஏசியில் வைத்து, ஒயர் சேரும் இடத்தில் ஒருமுறை, தண்டவாளத்தின் எதிர்க்கோடியில் ஒருமுறை, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளந்தால் வித்தியாசம் தெரியும். ஒரு வோல்ட்டுக்கு மேல் இறங்கினால் தண்டவாள இணைப்புகளை மட்டும் நம்பாமல் மூன்றடிக்கு ஒரு ஜோடி ஒயர் சால்டர் செய்யுங்கள். வளைவுக்கு அப்பால் இன்ஜின் மெதுவாகிறது என்ற புகார் பாதி இதிலேயே போய்விடும்.

அடுத்தது அழுக்கு. கிரானைட் அறுக்கும் பட்டறை பக்கத்தில் இருந்தால் சொல்லவே வேண்டாம், இரண்டு நாளில் தண்டவாளத்தில் வெண்படலம் படியும். கிச்சன் டவலில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்துத் தண்டவாளத்தின் குறுக்கே விரித்து, இன்ஜினின் ஒரு போகியை (அடியிலுள்ள சக்கரத் தொகுதி) அதன் மேலும் இன்னொன்றை வெறும் தண்டவாளத்திலும் வைத்து, இன்ஜினைக் கையால் பிடித்தபடி ஓட்டினால் சக்கரம் தானே துடைத்துக்கொள்ளும். டவலில் கறுப்புக் கோடு விழுவது நிற்கும் வரை செய்ய வேண்டும். பிறகு போகியைத் திருப்பி வைத்து அதையே இன்னொரு முறை.

இவ்வளவுக்குப் பிறகும் சம இடைவெளியில் 'டக்... டக்...' என்று தடுக்கினால் காதைக் கொடுங்கள். சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒரு டக் என்றால் அச்சில் உள்ள பிளாஸ்டிக் கியர் விரிசல் விட்டிருக்கிறது. அதற்கு எந்த சிவியும் மருந்தில்லை.

இனி சிவி 29. இது ஒரே எண்ணுக்குள் ஆறு சுவிட்சு. 1 திசை, 2 என்பது 28/128 ஸ்பீடு ஸ்டெப் (நின்ற நிலைக்கும் முழு வேகத்துக்கும் இடையிலான வேகப் படிகள்), 4 பழைய டிசி மின்சாரத்திலும் ஓடும் அனுமதி, 8 ரயில்காம் (டிகோடர் திருப்பித் தகவல் அனுப்புவது), 16 ஸ்பீடு டேபிள் (படிவாரியான வேக அட்டவணை), 32 நீண்ட முகவரி (இன்ஜினைக் கூப்பிடும் பெரிய எண்). வேண்டியவற்றைக் கூட்டி எழுத வேண்டும். வேகத்தை ஒவ்வொரு படியாக ஏற்றும்போது முன்விளக்கு அணைந்து அணைந்து எரிந்தால், கன்ட்ரோலர் 28 படியில் பேசுகிறது, டிகோடர் 14 படியில் கேட்கிறது. 14 படி முறையில் கட்டளையின் ஒரு பிட் விளக்குக்கானது. 28 படி முறையில் அதே பிட் வேகத்தின் அரைப்படி. அதனால்தான் ஒரு படி விட்டு ஒரு படி விளக்கு மினுக்குகிறது. பல்பிலோ ஒயரிலோ கோளாறில்லை. சிவி 29-இல் 2-ஐச் சேர்த்தால் அடுத்த நொடியே நிற்கும்.

பெரிய குழப்பம் வேறொன்று. இன்ஜினுக்கு நீண்ட முகவரி கொடுத்திருக்கிறீர்கள், சிவி 29 இப்போது 34. ஸ்பீடு டேபிளை இயக்க வேண்டும், இணையத்தில் யாரோ 18 எழுதச் சொல்கிறார். எழுதியதும் இன்ஜின் செத்ததுபோல் நிற்கும். டிகோடருக்கு ஒன்றுமில்லை, 32 போய்விட்டதால் அது சிவி 1-இல் உள்ள குறுகிய முகவரிக்கு, வழக்கமாக 3-க்கு, திரும்பிவிட்டது. எழுத வேண்டியது 50, அதாவது 32-உம் 16-உம் 2-உம். இருப்பதைப் படித்து அதோடு கூட்டுங்கள், வேறொருவர் எண்ணை அப்படியே போடாதீர்கள்.

டிசி அனுமதியான 4-ஐ நிறுத்திவிடுவது நல்லது. ஷார்ட் ஆகி மீளும்போது, அல்லது மின்சாரம் கண்ணாமூச்சி ஆடும்போது, டிகோடர் சிக்னலைத் தவறாகப் புரிந்துகொண்டு இன்ஜினை முழு வேகத்தில் அவிழ்த்துவிடுவதுண்டு. மேஜை விளிம்பில் தடுப்பு இல்லாதவர்களுக்கு இது விலை உயர்ந்த பாடம். 6 இருந்தால் 2, 38 இருந்தால் 34.

விளக்கு, ஹாரன் எல்லாம் கேட்கிறது, ஆனால் நகரவே மாட்டேன் என்கிறதா? சிவி 19-ஐப் பாருங்கள். எப்போதோ இரட்டை இன்ஜின் ஓட்டியபோது போட்ட எண் அங்கே உட்கார்ந்திருக்கும். அது இருக்கும்வரை இன்ஜின் தன் சொந்த முகவரிக்கு வரும் வேகக் கட்டளையைக் காதில் வாங்காது. 0 எழுதுங்கள்.

சிவி படிக்க முடியவில்லை என்ற செய்தியும் அடிக்கடி வரும். டிகோடர் பதில் சொல்லும் விதம் விசித்திரமானது: மோட்டாரை 6 மில்லிவிநாடி உதறி, குறைந்தது 60 மில்லிஆம்பியர் கூடுதலாக இழுத்துக் காட்டும். கன்ட்ரோலர் அந்த ஏற்றத்தைத்தான் எண்ணுகிறது. புரோகிராமிங் தண்டவாளத்தில் (சிவி படிக்க, எழுத மட்டும் ஒதுக்கிய துண்டு) இன்ஜின் மேல் விரலை லேசாக வைத்தால் சின்னச் சிலிர்ப்பு தெரியும். சிலிர்ப்பே இல்லையென்றால் சக்கரமோ, அதிலிருந்து மின்சாரம் எடுக்கும் பிக்கப் தகடோ அழுக்கு. சிலிர்த்தும் படிக்கவில்லையென்றால் மோட்டார் சிறியது, போதிய மின்சாரம் இழுக்கவில்லை. டிசிசி-இஎக்ஸில் இந்த வரம்பைக் குறைத்துக்கொள்ளலாம். 'எழுத முடியவில்லை' என்று காட்டினாலும் பல நேரம் எண் உள்ளே ஏறியிருக்கும், ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

தாழ்ந்த வேகத்தில் நடுங்கும் இன்ஜின் தனிக் கதை. பேக் இஎம்எஃப் உள்ள டிகோடர், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை நொடிக்குப் பல முறை நிறுத்தி, சுழலும் மோட்டார் தானே உண்டாக்கும் வோல்டேஜை அளந்து வேகத்தைச் சரிசெய்கிறது. அளவீடு கெட்டால் திருத்தமும் கெடும். டிசிக்காகச் செய்த பழைய இன்ஜின்களில் மோட்டாரின் இரு முனைக்கும் குறுக்கே, மஞ்சளாகவோ பழுப்பாகவோ பருப்பு அளவில் ஒரு கெப்பாசிட்டர் இருக்கும், மேலே 104 என்று போட்டிருக்கும். ரேடியோ இரைச்சலை அடக்க வைத்தது. அது அளவீட்டைக் குழப்பும். நறுக்கி எடுத்தபின் நடுக்கம் மாயமாய்ப் போன இன்ஜின்கள் உண்டு. எடுத்தும் போகவில்லையென்றால் டிகோடரின் கெயின் எண்களை (திருத்தம் எவ்வளவு கடுமையாக இருக்க வேண்டும் என்பதை) குறைக்கலாம். ஈஎஸ்யுவின் லோக்பைலட் 5, லோக்சவுண்ட் 5 டிகோடர்களில் வேலை எளிது: சிவி 54-இல் 0 எழுதி, கன்ட்ரோலரில் எஃப்1 பொத்தானை அழுத்தினால் இன்ஜின் ஒன்றரை விநாடி முழு வேகத்தில் ஓடித் தன் மோட்டாரைத் தானே அளந்துகொள்ளும். முன்னால் ஒன்றரை மீட்டர் நேர்ப்பாதை விட்டு வையுங்கள்.

இவ்வளவும் சரியான பிறகுதான் வேக எண்கள். அதற்கு முன் சிவி 3 (வேகம் ஏறும் தாமதம்), சிவி 4 (வேகம் இறங்கும் தாமதம்) இரண்டையும் 0 ஆக்க வேண்டும். நிலையான கணக்குப்படி சிவி 3-ஐ 0.896-ஆல் பெருக்கினால் நின்ற நிலையிலிருந்து முழு வேகம் எடுக்க ஆகும் விநாடி. 20 இருந்தாலே சுமார் 18 விநாடி. அதை வைத்துக்கொண்டு அளந்தால் இன்ஜின் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும் வேகத்தைத்தான் அளப்பீர்கள்.

அளக்கும் மேடைக்கு இந்த மாவட்டத்தில் பஞ்சமில்லை. நாலடி நீளப் பாலிஷ் கிரானைட் வெட்டுத்துண்டு ஒன்றைப் பட்டறையில் கேட்டு வாங்கி, ரசமட்டம் வைத்துச் சமன் செய்து, மேலே நேர்த்தண்டவாளம் போட்டால் பிளைவுட்போல் மழைக்காலத்தில் முறுக்கிக்கொள்ளாது. ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு போடுங்கள், போன் வீடியோவில் நேரம் பாருங்கள். எச்ஓ அளவு 1:87 என்பதால் 313-ஐ விநாடியால் வகுத்தால் நிஜ ரயிலுக்கு ஒப்பான கிலோமீட்டர் வேகம் வரும். எச்ஓ-வைவிடச் சிறிய 'என்' (N, 1:160) அளவு மாடலுக்கு 313-க்குப் பதில் 576. ஒரு மீட்டரை 1.6 விநாடியில் கடந்தால் 196 கிலோமீட்டர். வந்தே பாரத்துக்கே ஓட அனுமதித்த உச்ச வேகம் 160தான்.

முதலில் சிவி 2. முதல் படியில் வைத்து, இன்ஜின் ஓடும் தண்டவாளத்திலேயே 0-லிருந்து ஒவ்வொன்றாக ஏற்றி, நகரத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். 10 சென்டிமீட்டரை 10 விநாடியில் கடந்தால் அது ஒப்பளவில் மணிக்கு 3 கிலோமீட்டர், ஆள் நடக்கும் வேகத்துக்கும் கொஞ்சம் கீழே. அது போதும். முன்னும் பின்னும் பார்த்து, இரண்டில் பெரிய எண்ணை வையுங்கள். அடுத்து சிவி 5: கடைசிப் படியில் 100 கிலோமீட்டர் வேண்டுமென்றால் ஒரு மீட்டருக்கு 3.1 விநாடி. மேலே சொன்ன 196 கிலோமீட்டர் இன்ஜினுக்கு 130-இல் தொடங்கி மேலும் கீழும் போகலாம். சிவி 6 நடுப்படி. அதை இரண்டின் சராசரிக்குச் சற்றுக் கீழே வைத்தால் ஸ்டேஷன் வேகங்களில் கட்டுப்பாடு நன்றாக இருக்கும். சிவி 2 4, சிவி 5 130 என்றால் சிவி 6-க்கு 55 பொருத்தம். சிவி 5 எப்போதும் சிவி 6-ஐவிடப் பெரிதாக இருக்கட்டும்.

28 எண்கள் கொண்ட ஸ்பீடு டேபிள், சிவி 67 முதல் 94 வரை, பெரும்பாலும் வீண் வேலை. இரட்டை இன்ஜினுக்குக்கூட மூன்று புள்ளி போதும், மெதுவான இன்ஜினுக்கு வேகமானதைப் பொருத்துங்கள், மறுவழியில் முடியாது. இரண்டையும் கொக்கி போடாமல் ஒரே முகவரியில் ஒரு ஜாண் இடைவெளியில் ஓட விடுங்கள். மூன்று சுற்றுக்குப் பிறகும் ஜாண் ஜாணாகவே இருந்தால் கொக்கி போடலாம். முன்னோக்கி ஒரு வேகம், பின்னோக்கி வேறு வேகம் என்றால்தான் டேபிளை இயக்கி சிவி 66, 95-ஐத் தொட வேண்டும். அங்கே 128 என்றால் மாற்றமில்லை, 120 என்றால் ஏறக்குறைய 6 சதவீதக் குறைப்பு.

கடைசியாக, ஆண்டு முழுக்க ஓட்டினால் மட்டும் தெரிவது. மே மாத வெயிலில் வைத்த சிவி 2, ஓசூர், தளிப் பக்கத்து மார்கழிக் காலையில் போதாது. கியர் கிரீஸ் இறுகியிருக்கும், முதல் படியில் இன்ஜின் முனகிவிட்டு நிற்கும். எண்ணை மாற்ற வேண்டாம், ஐந்து நிமிடம் நடு வேகத்தில் ஓட்டினால் இளகிவிடும். புது இன்ஜினுக்கு இரு திசையிலும் அரைமணி ஓடவிட்ட பிறகே அளக்க வேண்டும். எதுவும் புரியாமல் போனால் சிவி 8-இல் 8 எழுதினால் பல டிகோடர்கள் ஆரம்ப நிலைக்குத் திரும்பும், இன்ஜினை மறுபடி 3 என்று கூப்பிடுங்கள். அதற்குமுன் இருந்த எண்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி இன்ஜின் பெட்டி மூடிக்குள் ஒட்டி வையுங்கள்: சிவி 29, 2, 5, 6, 3, 4, அளந்த தேதி, அன்றைய தண்டவாள வோல்டேஜ். ஆறு மாதம் கழித்து வேகம் மாறினால் அந்தக் கடைசி எண்ணைத்தான் முதலில் ஒப்பிடப் போகிறீர்கள்.