கரகரக்கும் லேப்டாப் ஸ்பீக்கர்: டிரைவரை மாற்றுவதா, ஸ்பீக்கரையே மாற்றுவதா?

லேப்டாப்பில் பாட்டு கரகரக்கிறது, அல்லது ஒரு பக்கம் மட்டும்தான் கேட்கிறது. இதற்கு மூன்று வழிகள் உண்டு: டிரைவரை (ஒலிப் பாகத்தை இயக்கும் மென்பொருளை) மாற்றலாம், ஸ்பீக்கரை மாற்றலாம், உள்ளே இருப்பதை மறந்துவிட்டு வெளியே ஒரு ஸ்பீக்கர் வைத்துக்கொள்ளலாம். முதல் வழிக்குச் செலவில்லை என்பதால் பலர் அதிலேயே நாள் முழுக்க உட்கார்ந்துவிடுகிறார்கள். விண்டோஸையே அழித்துவிட்டுப் புதிதாகப் போடுகிறவர்களும் உண்டு. ஸ்பீக்கரில் அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய சவ்வுதான் கோன்; கிழிந்த கோனை எந்த டிரைவரும் ஒட்டாது.

அதனால் முதலில் ஹெட்போனைச் செருகிக் கேளுங்கள். அதிலும் அதே கரகரப்பு வந்தால் ஸ்பீக்கர் மேல் குற்றமில்லை. ஹெட்போனில் சுத்தமாகக் கேட்டு ஸ்பீக்கரில் மட்டும் பிசிறினால் சந்தேகம் ஸ்பீக்கர் மேல் திரும்பும், ஆனால் தீர்ப்பு எழுத இது போதாது. பல லேப்டாப்களில் ஸ்பீக்கருக்கென்றே தனியாக ஒலியைத் தூக்கிக் கொடுக்கும் மென்பொருள் ஓடுகிறது. பிசிறு அதிலிருந்தும் வரலாம். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் போய், ஸ்பீக்கரைத் தொட்டு, 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' என்பதை ஆஃப் செய்யுங்கள். பிறகு 200 ஹெர்ட்ஸிலிருந்து 1000 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் ஒற்றை ஒலியைப் பாதி வால்யூமில் ஓடவிடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே அதிர்வெண்ணில் 'கிர்ர்' என்றால் ஏதோ ஒரு பாகம் அதிர்கிறது. அப்போது அடிமூடியை விரலால் அழுத்திப் பாருங்கள். சத்தம் நின்றால் பெரும்பாலும் கழன்ற ஸ்க்ரூதான் காரணம், முடுக்கினால் வேலை முடிந்தது. நேரத்துக்கு ஓர் இடத்தில், காரணமில்லாமல் 'டப் டப்' என்றால் பெரும்பாலும் மென்பொருள்.

மென்பொருள் என்று தெரிந்தபின் இரண்டு டிரைவர்களுக்கு இடையே போட்டி. லேப்டாப் நிறுவனம் தன் தளத்தில் அந்த மாடலுக்கெனத் தரும் ரியல்டெக் (பல லேப்டாப்களில் உள்ள ஒலிச் சிப்) டிரைவர் ஒன்று. விண்டோஸோடு வரும் பொது டிரைவர் மற்றொன்று. பொது டிரைவருக்கு மாற, டிவைஸ் மேனேஜரில் ரியல்டெக் மேல் ரைட் கிளிக் செய்து, 'அப்டேட் டிரைவர்', 'பிரவுஸ் மை கம்ப்யூட்டர்', 'லெட் மீ பிக்' என்று போய், 'ஹை டெஃபினிஷன் ஆடியோ டிவைஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். கரகரப்பு பெரும்பாலும் அடங்கும். ஆனால் டால்பி போன்ற ஒலித் திருத்தங்கள் போய்விடும், குட்டி ஸ்பீக்கரின் சத்தம் தகர டப்பா போல மெலியும். டிவைஸ் மேனேஜரில் 'இன்டெல் ஸ்மார்ட் சவுண்ட்' என்ற வரி இருக்கும் புதிய லேப்டாப்களில் மைக்கே காணாமல் போகலாம்; அவற்றில் நிறுவன டிரைவரே மேல். பழைய லேப்டாப்களுக்குப் பொது டிரைவரையே சொல்வேன். விண்டோஸ் அப்டேட் சில சமயம் நீங்கள் மாற்றிய பழைய டிரைவரைத் திரும்பக் கொண்டுவந்து வைக்கும், அதையும் கவனியுங்கள்.

ஹெட்போன், ஸ்பீக்கர் இரண்டிலும் விட்டுவிட்டு வெடிக்கும் சத்தம் வந்தால் ஆடியோ டிரைவரையே குற்றம் சொல்ல வேண்டாம். வைஃபை டிரைவர் ப்ராசஸரை நெடுநேரம் பிடித்துவைத்தாலும் ஒலி அறுபடும். 'லேட்டன்சிமான்' என்ற இலவசக் கருவியைப் பத்து நிமிடம் ஓடவிட்டால் எந்த டிரைவர் என்று பெயரோடு காட்டும்.

இனி ஸ்பீக்கர். இங்கே மின்தடையை அளக்கும் மல்டிமீட்டர்தான் நீதிபதி. லேப்டாப்பை அணைத்து, அடிமூடியைக் கழற்றியதும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைப் பிரிப்பது. ஸ்பீக்கர் கனெக்டரில் பொதுவாக 4 பின்கள், பக்கத்துக்கு இரண்டு. மீட்டரை 200 ஓம்ஸில் வைத்தால் 4 ஓம்ஸ் ஸ்பீக்கர் ஏறக்குறைய 3.5 முதல் 4 வரை காட்ட வேண்டும். ஒரு பக்கம் எண்ணே வரவில்லையென்றால் ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருளோ ('காயில்') அதன் ஒயரோ அறுந்திருக்கிறது. இரண்டு பக்கமும் சரியான எண் காட்டியும் சத்தமே இல்லையென்றால், புது ஸ்பீக்கர் வாங்குவது வீண் செலவு. டிரைவரும் சரியென்றால் கோளாறு பெரும்பாலும் மதர்போர்டுப் பக்கம்.

எண் சரி, ஒலி மட்டும் பிசிறு என்றால் கோனைப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டிய இரும்புத் துகளை ஒட்டுநாடாவால் எடுத்துவிடலாம். கோனின் விளிம்பு கிழிந்திருந்தால் ரப்பர் பசை ஒரு துளி கொஞ்ச நாள் தாங்கும்; உடனே இறுகும் பசையைப் போட்டால் விளிம்பு விறைத்து, இருந்த ஒலியும் கெடும். புதியது வாங்கும்போது மாடல் பெயரை நம்பாமல், பழைய ஸ்பீக்கரில் ஒட்டியிருக்கும் பாக எண்ணைப் பார்த்து வாங்குங்கள். இடதும் வலதும் பெரும்பாலும் ஜோடியாகவே வரும். பழையதிலுள்ள ரப்பர் வளையங்களை மறக்காமல் புதியதுக்கு மாற்ற வேண்டும். அவை இல்லாமல் ஸ்க்ரூவை முடுக்கினால் புது ஸ்பீக்கரும் முதல் நாளே அதிரும்.

வெளி ஸ்பீக்கர் என்றால் யூ.எஸ்.பி-யா புளூடூத்தா என்பதுதான் கேள்வி. ஒலியையும் யூ.எஸ்.பி வழியே வாங்கும் ஸ்பீக்கர் தன் சொந்த சவுண்ட் கார்டோடு வருவதால், மதர்போர்டு ஆடியோ செத்துப்போன லேப்டாப்புக்கும் பேசும். சில நூறு ரூபாய் யூ.எஸ்.பி சவுண்ட் கார்டும் அப்படியே, ஆனால் அதிலிருந்து ஹெட்போனோ தனி மின்சாரம் உள்ள ஸ்பீக்கரோதான் ஓடும்; உள்ளே இருக்கும் ஸ்பீக்கருக்கு அது உயிர் கொடுக்காது. புளூடூத்தில் ஒயர் தொல்லை இல்லை, பாட்டுக்குப் போதும். வீடியோ எடிட்டிங்குக்கும் இசைக் கீபோர்டு வாசிப்பதற்கும் அதன் தாமதம் ஒத்துவராது. மீட்டிங்கில் ஸ்பீக்கரின் மைக்கும் சேர்ந்து ஓடினால் ஒலி டெலிபோன் தரத்துக்கு இறங்கிவிடும். மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கையே தேர்ந்தெடுத்தால் பழைய தரம் திரும்பும்.