கிரைண்டர் வாங்க: ஆன்லைனா, பாத்திரக் கடையா?

பத்து வருஷம் ஓடிய டேபிள் டாப் கிரைண்டரில் மோட்டார் காயில் எரிந்துவிட்டது. மாற்றும் செலவு புதியதன் விலையில் பாதி என்றார்கள். புதிதாகவே வாங்க முடிவு செய்து, செல்போனிலும் கோவில்பட்டி கடைவீதியிலும் ஒரே மாடலைப் பார்த்தேன். இரண்டும் புவிசார் குறியீடு பெற்ற கோயம்புத்தூர் கிரைண்டர்தான். கடையில் வாங்கினேன்.

விலையில் ஆன்லைன்தான் குறைவு, நானூறு ரூபாய். மாடல்களும் அதிகம். அதில் பேச ஒன்றுமில்லை.

ஆனால் கிரைண்டரின் குறை முதல் வாரத்தில் தெரியாது. ஒன்றிரண்டு வருஷத்தில் பெல்ட் தளரும். கல் வழவழத்து மாவு நறநறக்கும், கொத்த வேண்டியிருக்கும். அன்றைக்கு யாரிடம் தூக்கிக்கொண்டு போவது?

முன்பு ஆன்லைனில் வாங்கிய மிக்ஸியில் ஜாரின் கப்ளர் தேய்ந்தபோது, திருப்பி அனுப்பும் நாள் எப்போதோ முடிந்திருந்தது. வெளிநாட்டு முதலீட்டில் நடக்கும் தளங்கள் சரக்கைத் தாமே இருப்பு வைத்து விற்கக் கூடாது என்பது விதி. அதனால் பில்லில் இருந்தது வேறு மாநிலத்து விற்பனையாளர் பெயர். சர்வீஸ் சென்டரோ திருநெல்வேலியில். கொடுக்க ஒரு தடவை, வாங்க ஒரு தடவை பஸ் ஏறினேன். சட்டம் நமக்குச் சாதகம்தான்: ஆன்லைன் வணிகத்துக்கான 2020 நுகர்வோர் விதிகளின்படி தளம் நம் புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்று, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். ஆனால் ஒரு கப்ளருக்காக யார் நுகர்வோர் ஆணையத்தின் படியேறுவார்கள்?

கடைக்காரர் அண்ணாச்சி, “நெட்ல என்ன விலை போட்டிருக்கான் தம்பி?” என்று அவரே கேட்டு 250 ரூபாய் குறைத்தார். பெட்டியைப் பிரித்து, தண்ணீர் ஊற்றி ஓட்டிக் காட்டினார். வாரண்டி கார்டில் கடை சீல் வைத்து, பில்லின் பின்னால் மெக்கானிக் நம்பரை எழுதிக் கொடுத்தார். முன்பு மிக்ஸிகள் வரிசையாக நின்ற அலமாரியில் இப்போது பெல்ட், வாஷர், ஜார் மூடிகள். மிக்ஸியில் ஐந்தாறு மாடல்தான் வைத்திருக்கிறார், மற்றவற்றைக் கேட்டால் இரண்டு நாளில் வரவழைக்கிறார். ஆன்லைனோடு விலையில் மோதாமல், ரிப்பேரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். எனக்கு அது சரியான வழியாகவே படுகிறது.

புதிய கிரைண்டருக்கு ஒரு மாதம்தான் ஆகிறது. என் நம்பிக்கையெல்லாம் பழையதை வைத்துத்தான்: அதே கடையில் வாங்கியது, இரண்டு முறை பெல்ட் மாற்றியும் அலையவிட்டதில்லை. பிரிட்ஜ், வாஷிங் மெஷினுக்குக் கம்பெனி ஆளே வீட்டுக்கு வருவதால் இந்த வித்தியாசம் குறையலாம். அவற்றை நான் ஆன்லைனில் வாங்கிப் பார்த்ததில்லை. சார்ஜர், புத்தகம் எல்லாம் இன்றும் செல்போனில்தான் வாங்குகிறேன்.