பிச்சாவரமா, தரங்கம்பாடியா, கோடியக்கரையா?

சிதம்பரத்தில் தொடங்கி வேதாரண்யம் வரை கடலை ஒட்டிப் போனால் மூன்று இடங்கள் வருகின்றன. இரண்டு நாள் விடுப்பில் மூன்றையும் தொட்டுவிட்டு வந்துவிடலாம் என்று திட்டம் போடுபவர்கள் நிறைய. தூரம் ஒரு தடையே இல்லை. ஆனால் அப்படிப் போனால் மூன்று ஊர்களிலும் வண்டி நிறுத்தும் இடத்தைத்தான் நன்றாகப் பார்த்திருப்பீர்கள். ஒன்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே தங்க வேண்டும் என்பது என் கட்சி. எந்த ஒன்று என்பது மாதத்தையும், உடன் வருபவர்களின் பொறுமையையும் பொறுத்தது.

மூன்றில் பெயர் பெற்றது பிச்சாவரம். அதனாலேயே அமைதி குறைந்ததும் அதுதான். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே விரிந்திருக்கும் அலையாத்திக் காட்டில் படகு ஏறாமல் பார்க்க எதுவும் இல்லை. எந்தப் படகு என்பதில்தான் விஷயமே இருக்கிறது. விசைப்படகு அகன்ற நீர்ப்பரப்பில் ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்து விட்டுவிடும்; அதன் இரைச்சலுக்குக் கொக்குகூட நிற்காது. துடுப்புப் படகுதான் குறுகிய வாய்க்கால்களுக்குள் நுழையும். அங்கே சுரபுன்னையின் வேர்கள் கிளையிலிருந்து வளைந்து இறங்கிச் சேற்றில் ஊன்றியிருப்பதையும், அவற்றின்மேல் நண்டுகள் ஏறி இறங்குவதையும் கைக்கெட்டும் தூரத்தில் காணலாம். வெண்கண்டலின் வேர்களோ நேர் எதிர். சேற்றுக்குள்ளிருந்து மூச்சுக்காகக் குச்சி குச்சியாக மேலே நீட்டிக்கொண்டிருக்கும். தில்லை மரத்தைக் காட்டச் சொல்லிப் படகோட்டியைக் கேளுங்கள். சிதம்பரம் கோயிலின் தலமரமான அதை இன்று இந்தச் சதுப்பில்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒடித்துப் பார்க்கும் ஆசை வேண்டாம். அதன் பால் கண்ணில் பட்டால் பெரும் எரிச்சல்.

வார நாளில், காலை முதல் படகில் போக முடிந்தால் பிச்சாவரம் அருமை. ஞாயிற்றுக்கிழமை என்றால் வேறு இடம் பாருங்கள்.

அங்கிருந்து தெற்கே வரும்போது பூம்புகாரில் இறங்கலாமா என்று கேட்பார்கள். காவிரி கடலில் கலக்கும் இடம் என்ற நினைப்போடு கொஞ்ச நேரம் நிற்கலாம். அதற்கு மேல் நிலத்தில் மிஞ்சியிருப்பது குறைவு. பழம்பெருமைக்காகப் போகிறவர்கள் 1973-இல் கட்டிய சிலப்பதிகாரக் கலைக்கூடத்தோடு திருப்திப்பட வேண்டும்.

தரங்கம்பாடி அப்படி இல்லை. அங்கே பழசு கண்ணெதிரே நிற்கிறது. தஞ்சை ரகுநாத நாயக்கரோடு 1620-இல் ஒப்பந்தம் செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை, 1845-இல் அவர்கள் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போன பிறகும் கடலைப் பார்த்தபடி இருக்கிறது. 1792-இல் எழுப்பிய நகர வாயிலில் நுழைந்து ராஜ வீதி வழியே கடல் வரை நடப்பதற்கு அதிக நேரம் ஆகாது. அந்தச் சிறு தூரத்துக்குள் 1701-இன் சீயோன் ஆலயம், 1718-இன் புதிய எருசலேம் ஆலயம் இரண்டும் வந்துவிடுகின்றன. இரண்டாவதில் சீகன்பால்குவின் கல்லறை இருக்கிறது. 1706-இல் இங்கே வந்திறங்கித் தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றியவர். அவரைச் சில மாதம் சிறையில் வைத்ததும் இதே ஊரின் டேனிஷ் அதிகாரிகள்தான்.

ஆனால் எனக்கு இங்கே கோட்டையைவிட மாசிலாமணிநாதர் கோயில்தான் முக்கியம். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது, அதாவது டேனிஷ்காரர்கள் வருவதற்கு மூன்று நூற்றாண்டுகள் முந்தையது. அதன் பெரும்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. இந்த ஊரை டேனிஷ் கதையாக மட்டும் சொல்லும் வழிகாட்டிகள் இந்தக் கோயிலை ஒரு வரியில் கடந்துவிடுவது எனக்கு ஒப்பவில்லை.

முதியவர்களோடு போகிறவர்களுக்குத் தரங்கம்பாடிதான் சரி. எல்லாம் நடை தூரம், எந்த மாதத்திலும் குறை வைக்காது. ஆனால் இயற்கை என்று பார்த்தால் கடலும் காற்றும்தான். பறவைகளைத் தேடி வருகிறவர் ஒரு மாலைக்குள் சலித்துவிடுவார்.

கோடியக்கரை இந்த இரண்டுக்கும் நேர்மாறானது: எதையும் உடனே தராது. 1967-இல் வெளிமான்களுக்காக அறிவித்த சரணாலயம் இது. வெயில் ஏறிவிட்டால் புல்வெளியில் ஒன்றும் இருக்காது. விடியலில் போனால் முறுக்கிய கொம்போடு கருத்த ஆண் மானும், சற்றுத் தள்ளிக் கொம்பில்லாத மங்கிய நிறப் பெண் மான்களும் மேய்வதைக் காணலாம். அவற்றோடு மட்டக்குதிரைகளும் திரியும். யாரோ எப்போதோ விட்டுப்போன குதிரைகளின் வழிவந்தவை, இன்று மானுக்கு உரிய புல்லுக்குப் போட்டி. சுற்றிலும் இருப்பது உலர் பசுமாறாக் காடு. பாலை மரங்கள் அடர்ந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த அடியின் தழும்பை இன்னும் அங்கங்கே காண முடிகிறது.

மழை ஓய்ந்த பிறகு, டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரைதான் இந்த ஊரின் உச்சம். உவர்நீர்த் தேக்கங்களில் பூநாரைகள் அலகைத் தலைகீழாக நீருக்குள் விட்டு, காலால் சேற்றைக் கலக்கியபடி இரை வடிப்பதைத் தொலைநோக்கி இருந்தால் பொறுமையாகப் பார்க்கலாம். இல்லாவிட்டால் தூரத்தில் ஒரு வெளிர்சிவப்புக் கோடுதான் தெரியும்.

நான் கோடியக்கரைக்கு முதலிடம் கொடுப்பதற்குக் காரணம் பறவைகள் மட்டுமல்ல. மற்ற இரண்டு இடங்களில் இயற்கை ஒரு பக்கம், வரலாறு ஒரு பக்கம். இங்கே இரண்டுக்கும் உப்புதான் மூலம். பூநாரையை வரவழைக்கும் உவர்நிலம்தான் 1930-இல் ராஜாஜியையும் வரவழைத்தது. ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடக்கத் தொடங்கிய அவர், 30-ஆம் தேதி வேதாரண்யத்தில் உப்பை அள்ளிச் சட்டத்தை மீறினார். அகஸ்தியம்பள்ளியில் அதன் நினைவுத்தூண் இருக்கிறது. பக்கத்திலேயே இன்றும் உப்பு விளைகிறது. வேதாரண்யம் கோயிலுக்கும் போய்வாருங்கள். அப்பர் பாடித் திறந்து, சம்பந்தர் பாடி அடைத்த கதவின் கதை அந்தக் கோயிலுடையது. கோடிக் குழகர் கோயிலில் சுந்தரர், கடற்காற்று வீசும் இந்தக் கரையில் துணையில்லாமல் தனியே ஏன் இருக்கிறீர் என்று இறைவனையே கேட்டார். ஊரில் கூட்டம் அப்போதும் இல்லை போலிருக்கிறது.

குளிர்காலம், அதிகாலையில் எழக்கூடிய கூட்டாளிகள் என்றால் கோடியக்கரை. மற்ற மாதங்களிலும் பெரியவர்கள் உடன் வந்தாலும் தரங்கம்பாடி. சிதம்பரத்துக்கு வந்த இடத்தில் அரை நாள் மிச்சமிருந்தால் பிச்சாவரம். கோடியக்கரைக்குப் போகிறவர்கள் வேதாரண்யத்திலேயே அறை எடுத்துக்கொள்வது நல்லது. சரணாலயம் திறந்திருக்கிறதா என்று வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரும் சாப்பாடும் கையோடு இருக்கட்டும்.