உதிரிபாகக் கடைத் தளத்தில் சைட்மேப்: ஐந்தாண்டுப் பயன்பாட்டு அனுபவம்

கோயம்புத்தூரில் நாங்கள் நடத்தும் பம்ப்செட் உதிரிபாகக் கடைக்கு 2020ஆம் ஆண்டின் இறுதியில், தளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஓர் இணையதளம் அமைத்தோம். இம்பெல்லர், புஷ், ஷாஃப்ட், மெக்கானிக்கல் சீல் என்று ஒவ்வொரு பாகத்துக்கும், அது பொருந்தும் மோட்டாரின் குதிரைத்திறன் வாரியாகத் தனிப்பக்கம் போட்டதில், ஓராண்டுக்குள் பக்கங்கள் இரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டன. ஆனால் கூகுளில் முகப்புப் பக்கமும் வேறு சில பக்கங்களும் மட்டுமே வந்தன. எங்களிடம் வருபவர் தேடுவது கடையின் பெயரை அல்ல, கையில் தேய்ந்து கிடக்கும் பாகத்தின் பெயரையும் அளவையும்தான். ஆகவே பாகங்களின் பக்கங்கள் தேடலில் வராத வரை அந்தத் தளத்தால் வியாபாரத்துக்குப் பயன் இருக்கவில்லை.

பாகத்தையும் குதிரைத்திறனையும் கீழிறங்கு பட்டியலில் தேர்ந்தெடுத்தால்தான் அந்தப் பக்கங்களுக்குப் போக முடியும் என்று தளத்தை அமைத்திருந்தோம். தேடுபொறிக்காகப் பக்கங்களைத் தானாகப் படித்துவரும் ஊர்வான் என்ற நிரல் இணைப்புகளைப் பின்தொடரும். பட்டியலில் எதையும் தேர்ந்தெடுக்காது. இந்த இடத்தில்தான் சைட்மேப் தேவைப்பட்டது. 2005இல் கூகுள் தொடங்கி, 2006 நவம்பரில் யாகூவும் மைக்ரோசாஃப்டும் ஏற்றுக்கொண்ட இந்த எக்ஸ்எம்எல் கோப்பு, தளத்தில் உள்ள முகவரிகளின் பட்டியல்தான். ஒரு கோப்பில் 50,000 முகவரிகள் வரை, சுருக்காத நிலையில் 50 எம்பி அளவு வரை இருக்கலாம். 2020 ஆகஸ்டில் வந்த வேர்ட்பிரஸ் 5.5 முதல் இது தானாகவே உருவாகிறது. அதை, தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் கருவியான சர்ச் கன்சோலில் சமர்ப்பித்த சில வாரங்களில், பெரும்பாலான பக்கங்களைக் கூகுள் அறிந்துகொண்டதைக் கண்டேன்.

அறிந்துகொண்டது, ஆனால் இண்டெக்ஸ் செய்யவில்லை, அதாவது தேடலில் காட்டுவதற்கான தன் தொகுப்பில் சேர்க்கவில்லை. சைட்மேப் கொடுத்தால் தேடலில் மேலே வந்துவிடலாம் என்று நம்பியிருந்த எனக்கு அது பெரிய ஏமாற்றம். சைட்மேப் ஒரு குறிப்பு மட்டுமே, அதிலுள்ள எல்லாம் இண்டெக்ஸ் ஆகும் என்பதற்கு உறுதியில்லை என்று கூகுளே தெளிவாகச் சொல்கிறது. தரவரிசையை அது உயர்த்துவதும் இல்லை. பாகங்களின் வகைப் பக்கங்களை உருவாக்கி, அங்கிருந்து ஒவ்வொரு பாகத்துக்கும் சாதாரண இணைப்பு கொடுத்த பிறகே நிலைமை மாறியது. இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

அப்படியிருந்தும் சைட்மேப்பை நான் பெரிதாக மதிப்பதற்குக் காரணம், அதை ஒரு சோதனைக் கருவியாகப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டதுதான். 2022இல் ஒரே பட்டியலாக இருந்ததை பாகத்தின் வகைவாரியாகப் பிரித்துத் தனித்தனிக் கோப்புகளாக்கினேன். சர்ச் கன்சோலின் பக்க அறிக்கையை ஒவ்வொரு சைட்மேப்புக்கும் தனியாகப் பார்க்க முடியும் என்பதால், எந்த வகை தேடலில் நிற்கிறது, எது நிற்கவில்லை என்பது உடனே தெரிந்தது. இம்பெல்லர் பக்கங்கள் பெரும்பாலும் இண்டெக்ஸ் ஆகியிருக்க, மெக்கானிக்கல் சீல் பக்கங்களில் பாதிக்கு மேல் ஊர்ந்து பார்க்கப்பட்டும் விடப்பட்டிருந்தன. திறந்து பார்த்தால், சீலின் விட்டத்தின் அளவைத் தவிர ஒரு பக்கத்துக்கும் அடுத்ததற்கும் வேறுபாடே இல்லை. அவற்றை ஒன்றிணைத்து, எல்லா அளவுகளையும் ஒரே அட்டவணையில் தந்தோம். அந்த ஒரு பக்கம் இன்று நிறைய விசாரணைகளைக் கொண்டுவருகிறது. சைட்மேப்பில் சமர்ப்பிக்காத பக்கங்களை மட்டும் காட்டும் வடிகட்டியும் உண்டு. நாங்கள் அறியாமலே இண்டெக்ஸ் ஆகியிருந்த தேவையற்ற முகவரிகள் அதில்தான் சிக்கின.

அடுத்து நான் செய்த பெரும் பிழை, கடைசியாக மாற்றிய தேதியைக் குறிக்கும் லாஸ்ட்மாட் தொடர்பானது. இரவில் கையிருப்பு எண்ணிக்கை புதுப்பிக்கப்படும்போதெல்லாம் எல்லாப் பக்கங்களுக்கும் அன்றைய தேதி விழுந்துகொண்டிருந்தது. தேதி தொடர்ந்து உண்மையாக இருந்தால்தான் கூகுள் அதைப் பொருட்படுத்தும். பக்கத்தின் முக்கியத்துவத்தைக் குறிக்கும் பிரயாரிட்டி, அது எவ்வளவு அடிக்கடி மாறும் என்பதைக் குறிக்கும் சேஞ்ச்ஃப்ரீக் என்ற மற்ற இரண்டையும் அது பார்ப்பதே இல்லை. விவரக்குறிப்போ விளக்கமோ மாறினால் மட்டுமே தேதி மாறும்படி திருத்தினோம். அதன் பிறகு திருத்திய பக்கங்களை ஊர்வான் முன்னைவிட விரைவில் வந்து பார்த்தது.

தமிழில் முகவரி வைப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. யூனிகோடில் ஒவ்வொரு தமிழ் எழுத்தும், ஒவ்வொரு உயிர்க்குறியும் முகவரிக்குள் குறியீடாகும்போது ஒன்பது இடங்களைப் பிடிக்கிறது. 'கி' என்ற ஓர் எழுத்துக்கே பதினெட்டு. வேர்ட்பிரஸ் பக்கப்பெயருக்கு ஒதுக்குவது 200 இடங்கள் என்பதால், இருபத்திரண்டு குறிகளுக்கு மேல் வெட்டுப்படுகிறது. எங்கள் நீண்ட தலைப்புகள் பாதியில் அறுந்து, வெவ்வேறு பாகங்களின் முகவரிகள் இறுதியில் ஓர் எண்ணால் மட்டுமே வேறுபட்டு நின்றன. பக்கப்பெயர்களைச் சுருக்கி, பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு நிரந்தரமாக அனுப்பும் 301 திருப்பிவிடல் கொடுத்து, சைட்மேப்பில் புதியவற்றை மட்டும் வைத்தோம்.

ஒவ்வொரு மாற்றத்தையும் கூகுளுக்கு அறிவித்துவந்த பிங் வசதி 2023இன் இறுதியில் நிறுத்தப்பட்டபோது எங்களுக்கு எந்த இழப்பும் இல்லை. ஊர்வான்களுக்கான குறிப்புகள் இருக்கும் ரோபோட்ஸ் கோப்பில் சைட்மேப்பின் முகவரியைக் குறிப்பிட்டிருப்பதே போதுமானதாக இருக்கிறது. ஐந்நூறு பக்கங்களுக்குள் அடங்கி, எல்லாப் பக்கங்களும் ஒன்றோடொன்று நன்றாக இணைந்திருக்கும் தளத்துக்கு சைட்மேப் தேவைப்படாமலும் போகலாம். எங்களைப் போல் பாகங்கள் வந்தும் நின்றும் போகும் கடைக்கு அந்த விலக்கு பொருந்தாது. உற்பத்தி நின்றுபோன பாகத்தின் பக்கத்தை எடுக்கும் அன்றே அது சைட்மேப்பிலிருந்தும் போகிறதா என்று இப்போது நானே திறந்து பார்த்துவிடுகிறேன்.