குவில்ட் அடுக்குகளைப் பிணைக்க: முடிச்சா, கைத்தையலா, மெஷினா?

குவில்ட் என்ற பஞ்சுப் போர்வையில் மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் எப்படிப் பிணைப்பது என்பதைப் பஞ்சைப் பார்த்து முடிவு செய்யுங்கள், டிசைன் அப்புறம். இரண்டு தையலுக்கு நடுவே அதிகபட்சம் எவ்வளவு இடைவெளி விடலாம் என்பது பேட்டிங் (விரிப்பாக விற்கும் நடுப்பஞ்சு) உறையிலேயே போட்டிருக்கும். ஊசியால் குத்தி இறுக்கிய பருத்தி பேட்டிங் சில 8 முதல் 10 அங்குலம் வரை தாங்கும். அடித்த பஞ்சை அப்படியே பரப்பினால் 2 அங்குலத்துக்கு ஒரு வரியாவது ஓட வேண்டும். இல்லாவிட்டால் துவைத்ததும் உருண்டை உருண்டையாகத் திரளும். இலவம் பஞ்சு வேண்டவே வேண்டாம். வழுக்கிக்கொண்டு மூலைக்கு ஓடும், தலையணையோடு நிற்கட்டும்.

முடிச்சு

உப்பலான பாலியெஸ்டர் ஷீட்டுக்கு இதுவே போதும். 4 அங்குலத்துக்கு ஒன்று வீதம் போட்டால், 60க்கு 90 அங்குலப் போர்வைக்கு ஏறத்தாழ 300 முடிச்சு. நூலை மேலிருந்து இறக்கி, கால் அங்குலம் தள்ளி மேலே எடுத்து, வலதை இடதின் மேல் ஒருமுறை, இடதை வலதின் மேல் ஒருமுறை கட்டுங்கள். இரண்டு தடவையும் ஒரே பக்கம் சுற்றினால் அவிழ்ந்துவிடும்.

கைத்தையல்

பருத்திப் புடவையை அடித்துணியாக வைத்தால் ஊசி வெண்ணெயில் போவதுபோல் இறங்கும். நெருக்கமாக நெய்த பெட்ஷீட் என்றால் விரல் போய்விடும். 9 அல்லது 10ஆம் எண் குட்டை ஊசி, 18 அங்குல நூல், நடுவிரலில் அங்குஸ்தான். தேர்ந்த கை அங்குலத்துக்கு 8 முதல் 10 தையல் போடும்; தொடக்கத்தில் 5 போதும், சீராக இருந்தால் சரி. நூல் நுனியில் போட்ட முடிச்சை லேசாகச் சுண்டி இழுத்துப் பஞ்சுக்குள் புதைத்துவிடுங்கள். தடித்த பஞ்சில் சிறுதையல் வராது. மாதக்கணக்கில் ஆகும் வேலை, ஆனால் துணியின் குழைவு கெடாமல் இருப்பது இதில்தான்.

மெஷின், நேர்கோடு

சாதாரண ஃபுட்டில் (துணியை அழுத்திப் பிடிக்கும் பாகம்) கீழே பல் துணியை இழுக்கும், மேலே ஃபுட் தடுக்கும். மேல்துணி கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் தள்ளப்பட்டு, கோடுகள் குறுக்கிடும் இடத்தில் மடிப்பு விழும். வாக்கிங் ஃபுட் மேலடுக்கையும் சேர்த்து நகர்த்துவதால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். தையல் நீளம் 3 மி.மீ., ஊசி 14ஆம் எண். நடுவில் தொடங்கி வெளியே போங்கள். ஒரு வரி மேலிருந்து, அடுத்தது கீழிருந்து என்று தைத்தால் துணி கோணிக்கொள்ளும். எல்லா வரியும் ஒரே திசையில் ஓடட்டும். போர்வையில் பாதியைச் சுருட்டி மெஷின் கைக்கு அடியில் நுழைக்க வேண்டியிருக்கும். இந்த முறையில் பெரிய கஷ்டமே அதுதான்.

மெஷின், ஃப்ரீ மோஷன்

பல்லை இறக்கிவிட்டு, டார்னிங் ஃபுட் போட்டு, துணியை நாமே நகர்த்துவது. பூவும் கொடியும் வரையலாம். கை முந்தினால் தையல் நீண்டு ஊசி வளையும், மெஷின் முந்தினால் ஒரே இடத்தில் நூல் குவியும். வளைவில் வேகமாகத் திருப்பினால் அடிப்பக்கம் கண்ணிமை மயிர்போல் நூல் தெரியும். இந்த ஃபுட் துணிக்குச் சற்று மேலேயே நிற்பதால், ஃபுட்டை ஏற்றி இறக்கும் லீவரை இறக்க மறந்துபோவது சகஜம். லீவர் மேலே இருந்தால் டென்ஷன் தட்டு நூலைப் பிடிக்காது, அடியில் நூல் பந்தாகிவிடும். டென்ஷன் திருகைக் குடைவதற்கு முன் லீவரைப் பாருங்கள்.

மெஷினில் தைப்பதானால், நேர்கோடோ ஃப்ரீ மோஷனோ, அடித்துணி நாலு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக இருக்கட்டும். அதைத் தரையில் டேப் ஒட்டி விறைப்பாக விரித்து, மற்ற இரண்டையும் மேலே பரப்பி, மூடிய கையின் அகலத்துக்கு ஓர் ஊக்கு குத்துங்கள். ஊசி அருகில் வரும்போது ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே போகலாம்.