வால்வு கிடைத்தது, ஸ்டிக்கருக்குத்தான் அலைச்சல்

மூன்று வார லீவில் ஊருக்குப் போனேன். அதில் இரண்டு முழு நாள், சித்தப்பாவின் இதயத்தில் வைத்த வால்வின் விவரம் உள்ள ஒரு ஸ்டிக்கருக்காகப் போயிற்று.

சித்தப்பாவுக்கு முன்பு வைத்த செயற்கை இதய வால்வில் கிருமி புகுந்து, பெருந்தமனியின் அடியில் சீழ் கட்டிவிட்டது. அதையெல்லாம் சுத்தமாக வழித்தெடுத்துவிட்டு, இறந்த ஒருவர் தானமாகத் தந்த வால்வைப் பெருந்தமனித் துண்டோடு தைத்திருந்தார்கள். ஹோமோகிராஃப்ட் என்பார்கள். நான் போனபோது மனிதர் வார்டில் நடந்துகொண்டிருந்தார்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் 'ஹோமோகிராஃப்ட் வைக்கப்பட்டது' என்று ஒரே வரி. எத்தனை மில்லிமீட்டர்? எந்தத் திசு வங்கி? என்ன எண்? எதுவும் இல்லை. நான் இருக்கும் நாட்டில் உடம்புக்குள் எதை வைத்தாலும் அட்டை ஒன்றைக் கையில் திணித்துத்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள். இங்கே கவுன்ட்டரில், "அதெல்லாம் எதுக்கு சார், பேஷன்ட் நல்லாத்தானே இருக்கார்?" ரெக்கார்ட்ஸ் செக்ஷன் ஆபரேஷன் தியேட்டரைக் கைகாட்டியது, தியேட்டர் ரெக்கார்ட்ஸைக் கைகாட்டியது. கையெழுத்துப் போடுபவர் மதியத்துக்கு மேல்தான் வருவார். தெரிந்த கதைதானே!

இந்த விவரமெல்லாம் எதற்கென்றால், இந்த வால்வு நிரந்தரமில்லை. 1962இல் லண்டனில் டொனால்ட் ராஸ் என்ற சர்ஜனும், சில வாரங்களில் ஆக்லாந்தில் பாராட்-பாய்ஸ் என்ற சர்ஜனும் தானமாக வந்த வால்வை அதன் இடத்திலேயே வைத்துக் காட்டினார்கள். ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க வார்ஃபரின் வேண்டாம், பெரும்பாலும் எதிர்ப்புச்சக்தியை அடக்கும் மாத்திரையும் வேண்டாம். ஆனால் வருடம் போகப் போகச் சுண்ணாம்பு படியும்; வயது குறைந்தவர்களுக்கு இன்னும் சீக்கிரம். அப்போது திரும்பத் திறப்பது லேசில்லை, தமனிச் சுவர் ஓடு மாதிரி இறுகியிருக்கும். குழாய் வழியாக உள்ளே வேறு வால்வு வைப்பதென்றாலும் முதலில் கேட்பது அளவைத்தான்.

இரண்டாம் நாள் மாலை தியேட்டர் சிஸ்டர் ஒருவர், யாரையும் கேட்காமல், தடித்த பழைய ரிஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். பக்கத்தின் ஓரத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. 22 மில்லிமீட்டர், கீழே வங்கியின் எண். "போட்டோ எடுத்துக்கங்க தம்பி, சீக்கிரம்." நான் இருக்கும் நாட்டின் அட்டைக்காரர்கள் யாரும் என்னைத் தம்பி என்று கூப்பிட்டதில்லை.

வீட்டில் சித்தப்பாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுப் பார்த்தார். "கொடுத்தவர் பேர் போடலையேடா" என்றார்.